தன் குட்டிகளைத் தின்னும் ஓட்டம்: பார்க்லி மாரத்தான் ஆவணப்படம் – ஒரு விமர்சனம்

'தி பார்க்லி மாரத்தான்ஸ்: தி ரேஸ் தட் ஈட்ஸ் இட்ஸ் யங்' 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம். டென்னசி மாநிலத்தின் மலைக்காட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பார்க்லி மாரத்தான் என்னும் நெடுந்தூர மலைத்தட ஓட்டத்தைப் பற்றியது. 'தன் குட்டிகளையே தின்னும் ஓட்டம்' என்பது துணைத்தலைப்பின் பொருள். அன்னிகா இல்டிஸ், டிமோதி ஜேம்ஸ் கேன் ஆகிய இருவரும் சேர்ந்து இயக்கினர். 2012-ஆம் ஆண்டுப் போட்டி இதன் மையம்.

ஓட்டப் பயிற்சியில் ஈடுபடும் தமிழ் இளைஞர்கள் பலரும் இணையத்தில் தேடிப் பார்க்கும் படங்களில் இதுவும் ஒன்று. தோல்வியை இவ்வளவு நேர்மையாகவும் நகைச்சுவையோடும் காட்டிய விளையாட்டுப் படங்கள் குறைவு. ஆனால் உடல்வருத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியைப் படம் தொடவில்லை. சேர்வராயன், கொல்லி, போதமலை ஆகிய மலைகள் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் குறை தெளிவாகவே தெரியும்.

போட்டியின் அமைப்பு

1977 ஜூன் மாதம், மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் ஏர்ல் ரே, டென்னசியின் பிரஷி மவுண்டன் சிறையிலிருந்து தப்பினார். ஏறத்தாழ 54 மணி நேரத்துக்குப் பின் பிடிபட்டபோது அவர் சிறையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தார். முள்ளும் செங்குத்துச் சரிவும் அவரை அதற்கு மேல் விடவில்லை. இச்செய்தியை அறிந்த கேரி கான்ட்ரெல் என்னும் ஓட்டக்காரர், அந்நேரத்தில் தன்னால் நூறு மைல் போயிருக்க முடியும் என்று கேலி செய்தார். அந்தக் கேலியிலிருந்து பிறந்ததுதான் 1986-இல் தொடங்கிய இப்போட்டி. பார்க்லி என்பது அவருடைய நண்பர் ஒருவரின் பெயர். 'லாசரஸ் லேக்' என்ற புனைபெயரில் கான்ட்ரெல் இன்று ஓட்ட உலகம் முழுவதும் அறியப்படுகிறார்.

ஃப்ரோஸன் ஹெட் மாநிலப் பூங்காவில் உள்ள தடத்தை ஐந்து முறை சுற்றிவர வேண்டும். ஒரு சுற்று 20 மைல், மொத்தம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. உண்மையான தூரம் இதைவிட அதிகம் என்பது ஓடியவர்களின் முறையீடு. கால வரம்பு 60 மணி நேரம். தூக்கத்துக்கென்று தனி நேரம் கிடையாது. தடத்தின் பெரும்பகுதியில் பாதையும் இல்லை, வழிகாட்டும் அடையாளமும் இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே துணை. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகளுக்கு அனுமதி இல்லை.

தூரத்தைவிட ஏற்றமே இங்கு ஆளை வீழ்த்துகிறது. ஐந்து சுற்றுகளிலும் ஏற வேண்டிய மொத்த உயரம் ஏறத்தாழ 18,000 மீட்டர். எவரெஸ்டின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு என்று இதைச் சொல்வது வழக்கம். நமக்குத் தெரிந்த அளவுகோலில் சொன்னால், சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பதினைந்து முறை ஏறிப் பதினைந்து முறை இறங்குவதற்குச் சமம் இது. அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிச் செல்லும் சாலையில் அல்ல, நேராக மலைச்சரிவில், இரண்டரை நாளுக்குள்.

1986 முதல் 2024 வரை ஐந்து சுற்றுகளையும் குறித்த நேரத்தில் முடித்தவர்கள் 20 பேர் மட்டுமே. சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முடித்ததால் மொத்த எண்ணிக்கை 26. பல ஆண்டுகளில் ஒருவர்கூட முடிக்கவில்லை.

படம் எதைக் காட்டுகிறது

இயக்குநர்கள் இருவரும் ஒளிப்பதிவுத் துறையில் பணியாற்றியவர்கள். இது அவர்களின் முதல் முழுநீள ஆவணப்படம். ஓடுபவர்களின் பின்னால் காட்டுக்குள் கேமராவைத் தூக்கிச் செல்வது ஏறக்குறைய இயலாத வேலை. எனவே படத்தின் பெரும்பகுதி முகாமில், மஞ்சள் வண்ணம் பூசிய ஓர் இரும்புத் தடுப்பின் அருகே நடக்கிறது. அந்தத் தடுப்புதான் தொடக்கமும் முடிவும்.

இந்த நெருக்கடி படத்துக்கு நன்மையாகவே அமைந்துவிட்டது. காட்டுக்குள் என்ன நடந்தது என்பதைத் திரும்பி வருபவரின் முகத்திலும் கீறல் விழுந்த கால்களிலும் பார்வையாளர் படித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான விளையாட்டுப் படங்களில் மெதுவாக நகரும் கால்களும் பின்னணி இசையும் செய்யும் வேலையை இங்கே காத்திருப்பு செய்கிறது. இருட்டில் ஒரு தலைவிளக்கு தெரிகிறதா என்று முகாமே எட்டிப் பார்க்கும்போது பார்ப்பவரும் சேர்ந்து எட்டிப் பார்க்கிறார்.

போட்டியின் சடங்குகளைப் படம் ரசித்துக் காட்டுகிறது. விண்ணப்பிப்பவர் தனக்கு ஏன் இடம் தர வேண்டும் என்று கட்டுரை எழுத வேண்டும். நுழைவுக் கட்டணம் 1 டாலர் 60 சென்ட். முதல்முறை வருபவர் தன் ஊர் வண்டியின் எண் பலகை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். தொடங்கும் நேரம் முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. கான்ட்ரெல் சங்கு ஊதினால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பொருள். அவர் சிகரெட் பற்றவைத்தால் ஓட்டம் தொடங்கிவிட்டது. பெருநகர மாரத்தான்களின் விளம்பரத் தட்டிகள், பதக்கங்கள், பல ஆயிரம் ரூபாய்க் கட்டணம் ஆகியவற்றை அறிந்தவருக்கு இந்த எளிமையில் உள்ள கிண்டல் உடனே புரியும்.

தடம் நெடுகிலும் ஆங்காங்கே பழைய புத்தகங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஓடுபவர் தன் எண்ணுக்குரிய பக்கத்தை ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் கிழித்துக்கொண்டு வர வேண்டும். சுற்று முடிந்ததும் கான்ட்ரெல் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். கருவிகளை நம்பாமல் தாளை நம்பும் இந்த ஏற்பாட்டைப் படம் வேடிக்கையாகத் தொடங்கி, பிறகு அதன் கனத்தை உணரவைக்கிறது. இரண்டு நாள் தூங்காத ஒருவர் தன் பையிலிருந்து ஈரமான தாள்களை நடுங்கும் விரல்களால் பிரித்து நீட்டும்போது அது ஒரு தேர்வுத்தாள்போல் ஆகிவிடுகிறது.

தோல்வியின் மீதான பார்வை

இப்படத்தின் ஆகச் சிறந்த அம்சம் விலகுபவர்களை அது நடத்தும் விதம். ஓட்டத்தைக் கைவிட்டு முகாமுக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்காகவும் இராணுவ இறுதி மரியாதையில் ஒலிக்கும் இசை ஊதுகொம்பில் வாசிக்கப்படுகிறது. முதல் சிலமுறை சிரிப்பு வருகிறது. அதே இசை திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது சிரிப்பு அடங்கி, இத்தனை பேர் தோற்பதற்காகவே வந்தார்களா என்ற வியப்பு எழுகிறது. தோற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பாமல் முகாமிலேயே அமர்ந்து, நெருப்பில் வாட்டிய கோழியைத் தின்றபடி, இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நம் சூழலில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நாமக்கல், இராசிபுரம் வட்டாரம் கடந்த பல ஆண்டுகளாக விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் மதிப்பெண் போட்டிக்கும் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. மதிப்பெண் வாங்கிய முகங்கள் சாலையோரத் தட்டிகளில் பெரிதாகத் தெரியும். வாங்காதவர்களுக்கு அங்கே இடமில்லை. முடிக்க முடியாது என்று ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்தும் ஒரு வேலையை முழு ஒழுங்கோடு தயாரித்துச் செய்வதும், தோற்ற பின்னும் அவமானமின்றி அதே வட்டத்தில் உட்காருவதும் இங்கு வளரும் மாணவர் காண வேண்டிய காட்சி. இந்த ஒரு காரணத்துக்காகவே படம் பார்க்கத் தக்கது.

ஆயினும் படம் தன் கருத்துக்கு ஓரளவு மாறாகவே முடிகிறது. 2012 விதிவிலக்கான ஆண்டு. பிரெட் மௌன், ஜாரெட் காம்பெல், ஜான் ஃபெகிவரேசி என்று மூன்று பேர் முடித்தனர். மௌன் எடுத்துக்கொண்டது 52 மணி 3 நிமிடம். ஃபெகிவரேசிக்குக் கால வரம்பு முடிய இன்னும் 20 நிமிடம்கூட இருக்கவில்லை. இயல்பாகவே கடைசிப் பகுதி இம்மூவரையும் பின்தொடர்கிறது. தோல்வியைக் கொண்டாடத் தொடங்கிய படம் வெற்றியின் பரவசத்தில் முடிகிறது. ஒருவரும் முடிக்காத ஓர் ஆண்டைப் படமாக்கியிருந்தால் போட்டியின் உண்மைத் தன்மைக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

மலையில் ஏற்கெனவே இருந்தவர்கள்

ஓட்டத்தின் தடம் பிரஷி மவுண்டன் சிறைக்கு அடியில் செல்லும் ஒரு நீர்ச்சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. ரே தப்பிய கதையோடு சேர்ந்து இது படத்துக்கு ஒரு மர்ம வசீகரத்தைத் தருகிறது. சிறையின் வரலாறு இதைவிடக் கனமானது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டென்னசி அரசு தன் கைதிகளை நிலக்கரி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. கூலித் தொழிலாளர்களின் வேலை பறிபோனதால் 1891-இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தனர். குத்தகை முறை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக அரசே சுரங்கத்தோடு சிறையையும் கட்டிக் கைதிகளை வைத்து நிலக்கரி எடுத்தது. 1896-இல் திறக்கப்பட்ட பிரஷி மவுண்டன் சிறை அப்படி வந்ததுதான். அங்கே இருட்டில் உழைத்தவர்களுக்குக் கட்டுரை எழுதி அனுமதி கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. சிறை 2009-இல் மூடப்பட்டது. இன்று அது சுற்றுலாத் தலம்.

படம் இச்சிறையை ஓடுபவர்களின் வழியில் வரும் ஒரு விநோதமான இடமாகவே காண்கிறது. இம்மலையில் முன்பு துன்பப்பட்டவர்கள் யார், அவர்கள் துன்பத்துக்கும் இப்போது விரும்பி வருபவர்களின் துன்பத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி எழுவதே இல்லை. போட்டியை முடித்த மூவரில் மௌன் இயற்பியலாளர், காம்பெல் பொறியாளர், ஃபெகிவரேசி அப்போது பனிக்கட்டி ஆய்வு செய்துவந்த முனைவர்பட்ட மாணவர். உயர்கல்வியும் நிலையான வாழ்வும் உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையில் இல்லாத ஒன்றைத் தேடி இங்கு வருகிறார்கள் என்பதைப் படம் நன்றாகவே உணர்த்துகிறது. அதற்கு அடுத்த அடியை அது எடுத்து வைக்கவில்லை. நுழைவுக் கட்டணம் ஒன்றரை டாலர்தான். அந்த மஞ்சள் தடுப்பு வரை வந்து சேரவும், ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்யவும் ஆகும் செலவும் ஓய்வு நேரமும் அக்கணக்கில் வருவதில்லை.

போதமலையிலிருந்து பார்க்கையில்

மேற்கத்தியருக்குப் பொழுது போகாததால் செய்யும் வேலை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. உடலை வருத்தித் தன்னைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் தலைமுறை தலைமுறையாகக் காவடி சுமந்து பழனிக்கு நடக்கிறார்கள். தைப்பூசத்தை ஒட்டி நடக்கும் இப்பயணத்தின் முடிவில் பழனி மலைமேல் இரவு தங்கும் தனி உரிமையும் அவர்களுக்கு உண்டு. அங்கும் கொப்புளமும் தூக்கமின்மையும் உண்டு. ஆனால் கால வரம்பு இல்லை, ஒருவர் மற்றவரை முந்துவதில்லை. கூட்டத்தில் வயதானவர் பின்தங்கினால் கூட்டம் காத்திருக்கும். வழியெங்கும் தண்ணீரும் சோறும் கொடுப்பவர்கள் நிற்பார்கள். பார்க்லியின் கடுமை தனி ஆளின் கணக்கு. பழனி நடையின் கடுமை கூட்டத்தின் கணக்கு. இரண்டும் விரும்பி ஏற்றவைதான்.

இதே வட்டாரத்தில் மூன்றாவது வகை நடையும் உண்டு. நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தை அடுத்த போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்கு, நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் சாலை இல்லை. அரிசியும் விறகும் தலைச்சுமை. நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலையில் சுமந்து அலுவலர்கள் மலை ஏறும் படம் நாளிதழ்களில் வரும். 2020-களில்தான் ஏறத்தாழ 140 கோடி ரூபாயில் சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துப் பணிகள் தொடங்கின.

தேர்தல் நாள் படத்தைப் பார்க்கும்போது நமக்கு அந்த அலுவலரின் உழைப்பு வியப்பாகத் தெரிகிறது. அதே பாதையில் தினமும் ஏறி இறங்கும் பெண் அந்தப் படத்தில் இல்லை. பார்க்லி படத்தின் பார்வையும் இதுதான். வெளியிலிருந்து ஒருமுறை வந்து மலையோடு மோதுபவர் நாயகராகிறார். அம்மலையிலேயே கிடந்து உழல்பவர் பின்னணியில் மறைந்துவிடுகிறார். கடினம் என்பது சரிவிலும் முள்ளிலும் மட்டும் இல்லை. வேண்டாம் என்றால் மஞ்சள் தடுப்புக்குத் திரும்பி வந்து கோழி தின்னலாம் என்ற உறுதி ஒருவருக்கு இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது.

உதவி மறுக்கப்படும் விளையாட்டு

தடத்தில் உதவி கிடையாது என்பது பார்க்லியின் விதி. தண்ணீர் வைக்கப்படும் ஓரிரு இடங்களைத் தவிர வேறு ஆதரவு இல்லை. தொலைந்தவர் தானே வழி கண்டு திரும்ப வேண்டும். கான்ட்ரெல் இதை நகைச்சுவையாகச் சொல்கிறார், படமும் அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்கிறது. அங்கே அது செல்லுபடியாவதற்குக் காரணம் உண்டு. ஓடுபவர்கள் சுமார் நாற்பது பேர், பெரும்பாலும் அனுபவசாலிகள்.

இந்த மனநிலை வேறு இடங்களுக்குப் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஆலங்கட்டி மழையும் உறைகுளிர்க் காற்றும் தாக்கி 21 பேர் இறந்தனர். ஆறு பேரைக் காப்பாற்றியவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் அவர்களைக் கொண்டுசென்று தீ மூட்டிப் பிழைக்க வைத்தார். மலை யாருக்கு விளையாட்டு இல்லையோ அவருக்குத்தான் மலை தெரிந்திருந்தது.

தமிழகத்தில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றம் நிறுத்தப்பட்டு, புதிய விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர் மலைமக்களே வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். பார்க்லி படத்தைப் பார்த்து அனுமதியின்றிக் காட்டுக்குள் ஓடத் துடிக்கும் இளைஞர் இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்தே அறிய வேண்டும்.

படத்துக்குப் பின்

படம் வெளிவந்த பிறகு போட்டியின் புகழ் பெருகியது. 2017-இல் கனடாவைச் சேர்ந்த கேரி ராபின்ஸ் எல்லாப் பக்கங்களையும் கையில் வைத்துக்கொண்டு 60 மணி நேரம் முடிந்து 6 விநாடி கழித்துத் தடுப்பைத் தொட்டார். கடைசிப் பகுதியில் வழி தவறித் தடத்தின் ஒரு பகுதியை விட்டுவிட்டதால் நேரத்துக்குள் வந்திருந்தாலும் அது ஏற்கப்பட்டிருக்காது. 2024-இல் முதன்முறையாக ஐந்து பேர் முடித்தனர். பெண்ணால் இதை முடிக்க இயலாது என்று கான்ட்ரெல் நெடுங்காலம் சீண்டிவந்தார். அவ்வாண்டு பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் பாரிஸ் 59 மணி 58 நிமிடம் 21 விநாடியில், 99 விநாடி மீதமிருக்க, முடித்துக் காட்டினார். 2012-இல் எடுத்த படம் இதை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் கான்ட்ரெலின் சொல்லை எவ்விதக் குறுக்குக் கேள்வியும் இல்லாமல் ரசித்த படம் என்பதால், பாரிஸின் வெற்றி அதன் மீதும் ஒரு விமர்சனமாகவே அமைந்துவிட்டது.

மதிப்பீடு

குறைந்த செலவில், கேமரா செல்ல முடியாத ஓர் இடத்தைப் பற்றி, காத்திருப்பைக் கொண்டே விறுவிறுப்பை உண்டாக்கிய படம் இது. விளையாட்டை வணிகத்திலிருந்து பிரித்துப் பார்க்கவும் தோல்வியோடு உறவாடவும் கற்றுத்தருகிறது. தன் நாயகர்கள் ஓடும் மண்ணின் வரலாற்றையும் மக்களையும் பாராமல் கடந்து செல்வது அதன் முதன்மைக் குறை. கான்ட்ரெலின் வசீகரத்துக்கு முழுவதும் வசப்பட்டுவிட்டது இரண்டாவது குறை.

தமிழில் மலை ஓட்டத்தையோ மலை நடையையோ ஆவணப்படமாக்க விரும்பும் மாணவர் இப்படத்தின் பொறுமையை எடுத்துக்கொள்ளலாம். முகாமில் கேமராவை வைத்து முகங்களைப் பார்க்கும் முறை கொல்லிமலைக்கும் போதமலைக்கும் நன்றாகவே பொருந்தும். ஆனால் அங்கே கேமராவை முதலில் வைக்க வேண்டிய இடம் ஓட்டக்காரரின் தொடக்கக்கோடு அல்ல, மலையடிவாரத்தில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் அவ்வூர்க்காரரின் அருகில்.